கறிவேப்பிலையை ஒதுக்காமல் சாப்பிட, முதலில் வீட்டில் ஒரு செடி தழைக்க வேண்டும்

கேட்டது மூன்று விஷயம். தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஒரு வருஷமாகியும் நாலு இணுக்கோடு அப்படியே நிற்கிறது, என்ன செய்வது? சமையலில் அதன் மணம் முழுதாக இறங்க எப்படிப் போட வேண்டும்? காலையில் வெறும் வயிற்றில் 10 இலை மென்றால் சர்க்கரை குறையும், நரை மறையும் என்கிறார்களே, உண்மையா?

மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாளிப்பில் போடுகிற ஒரு இணுக்கு மணத்துக்கு மட்டும்தான். உடம்புக்கு ஏதாவது சேர வேண்டும் என்றால் கைப்பிடி அளவு இலை அரைத்தோ பொடித்தோ உள்ளே போக வேண்டும். அவ்வளவு இலையைக் கவலையில்லாமல் பறிக்க, மருந்து அடிக்காத செடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் செடியிலிருந்தே தொடங்குகிறேன். பதிலில் பெரும்பங்கும் அதற்குத்தான் போகும்.

இலையைப் பார்த்துவிட்டு இதை வேப்பமரத்தின் உறவு என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் இது எலுமிச்சை, நாரத்தை இவற்றின் குடும்பம். தாவரவியலில் முர்ராயா கோனிகி என்று நெடுங்காலம் அழைத்தார்கள். இப்போது பெர்கேரா கோனிகி என்ற பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் உள்ள கோனிக், 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவர், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். எலுமிச்சைக் குடும்பம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் செடி பற்றிய கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். நல்ல வெயில் கேட்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் பொறுக்காது. லேசாகப் புளிப்புத் தன்மை உள்ள மண் பிடிக்கும். எலுமிச்சையைத் தாக்கும் பூச்சிகளே இதற்கும் வரும்.

சரி, உங்கள் செடி ஏன் நிற்கிறது? முதல் இரண்டு வருஷம் இது மெதுவாகத்தான் வளரும். மேலே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்போது கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் நாம் செய்கிற பெரிய கெடுதல், ஒரு முழம்கூட உயராத செடியிலிருந்து ரசத்துக்கு என்று தினமும் இரண்டு இலை கிள்ளுவது. அதற்கு இருப்பதே பத்துப் பன்னிரண்டு இணுக்கு. உணவு தயாரிக்கிற இலையை நாம் எடுத்துவிட்டால் அது எதை வைத்து வளரும்? செடி இடுப்பளவு வரும்வரை கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் தண்டு மெலிந்து, கணுக்கள் தள்ளித் தள்ளி, வெளிர் இலையோடு இழுத்துக்கொண்டு நிற்கும். இலையில் மணமும் குறையும். இருக்கும் இடத்திலேயே வெயில் அதிகம் படுகிற மூலை எதுவோ அதைக் கறிவேப்பிலைக்குக் கொடுத்துவிடுங்கள். புதினாவும் கீரையும் நிழல் சற்று இருந்தாலும் சமாளிக்கும்.

தொட்டி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சின்னத் தொட்டியிலேயே வருஷக்கணக்கில் விட்டால் வேர் சுற்றிச் சுற்றி இறுகிப்போகும். நாற்றை எடுத்த எடுப்பில் பெரிய டிரம்மில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் நின்று அழுகல் வரும். முதலில் 10 அல்லது 12 அங்குலத் தொட்டி, வேர் அடித்துளை வழியாக எட்டிப் பார்க்கும்போது 18 அங்குலம், அதோடு பல வருஷம் ஓடும். மண்ணுக்கு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். தண்ணீருக்குக் கணக்கு நாளில் இல்லை, விரலில் இருக்கிறது. மேல் மண்ணில் ஒரு அங்குலம் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால், அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் ஒரு குவளை என்று கடமைக்கு ஊற்றுவதில்தான் அதிகச் செடிகள் போகின்றன.

நாற்றுப் பண்ணையில் வாங்கும்போது ஒரே பையில் மூன்று நான்கு நாற்று இருக்கும். அவற்றைப் பிரித்து நட ஆசை வரும். ஆணிவேர் அறுந்தால் எல்லாமே போய்விடும். வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை மண்மட்டத்தில் வெட்டிவிடுவது நல்லது. விதையிலிருந்து வளர்க்க நினைத்தால் ஒன்றே ஒன்று முக்கியம்: விதை புதிதாக இருக்க வேண்டும். கருநீலமாகப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். காயவைத்து எடுத்து வைத்த விதை முளைக்காது. புது விதை மூன்று வாரம் அளவில் முளை காட்டும். பெரிய மரம் இருக்கும் இடத்தில் வேரிலிருந்து பக்கக்கன்றுகள் வரும். மழைக்காலத்தில் அதைக் கொஞ்சம் வேரோடு வெட்டி எடுத்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். கிளையை ஒடித்து ஊன்றுவது இந்தச் செடியில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இனி, செடியைப் புதராக்கும் வேலை. இதைச் செய்யத் தயங்குகிறவர்கள்தான் நிறைய. செடி முழங்கால் உயரம் தாண்டி, தண்டு பென்சில் கனம் வந்ததும், உச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே. மனசு வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். வெயில் காலமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வெட்டின இடத்துக்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில், சின்னதாக ஒரு வீக்கம் தெரியும். அது செம்பச்சை நிறத்தில் விரிந்து கிளையாகும். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று வரும். அந்தக் கிளைகள் ஒரு முழம் போனதும் அவற்றையும் நுனி கிள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் செடி ஒரே குச்சியாக மேலே போய், உச்சியில் மட்டும் குடை மாதிரி இலை வைத்துக்கொண்டு நிற்கும்.

பறிப்பதும் இதே முறையில்தான். இலையை மட்டும் உருவி எடுத்தால் மொட்டைக் காம்பு செடியிலேயே நின்று காயும். இணுக்கு இணுக்காகத் தண்டோடு சேரும் இடத்தில் எடுங்கள், அல்லது கிளை நுனியை நாலு இணுக்கோடு சேர்த்து வெட்டுங்கள். ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெள்ளைப் பூங்கொத்து வந்தால், இலைதான் தேவை என்றால் மொட்டிலேயே கிள்ளிவிடலாம். தேனீக்கு அந்தப் பூ மிகவும் பிடிக்கும் என்பதால், பெரிய மரத்தில் நான் விட்டுவிடச் சொல்வேன்.

உரம் என்றதும் எல்லோரும் சொல்வது புளித்த மோர். அதைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: மோர் கெடுதல் இல்லை, ஆனால் அது முழு உரமும் இல்லை. அதன் புளிப்பு, உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காரமேறிய மண்ணை மேலாகக் கொஞ்சம் தணிக்கலாம். சிறிது சத்தும் சேரும். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒன்றிரண்டு முறை ஊற்றலாம். கெட்டியாக ஊற்றினால் மேல் மண்ணில் ஆடை படிந்து நாற்றமடிக்கும், எறும்பு வரும். செடிக்கு உண்மையில் சாப்பாடு போடுவது மக்கிய உரமும் பிண்ணாக்குக் கரைசலும்தான். இலைச் செடி என்பதால் தழைச்சத்து கேட்கும். வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை இரண்டு கை மண்புழு உரம் கிளறிவிட்டால் போதும்.

இலை மஞ்சளாகிறது என்றால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுதாக வெளுத்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் தேங்குகிறது. நுனியில் வரும் புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதைப் பூட்டி வைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலை வேளையில் இலை மேல் தெளித்தால் புது இலை பச்சை கட்டும். தெளித்த பிறகு சில வாரம் அந்த இலையைப் பறிக்காதீர்கள். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் இந்தத் தொல்லையே குறையும்.

பூச்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கொழுந்து சுருண்டு, கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளை மெழுகு இழை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால், அது சிட்ரஸ் சில்லிட் என்கிற சாறு உறிஞ்சிப் பூச்சியின் குஞ்சு. எறும்பு அந்தக் கொழுந்தில் ஏறி இறங்கும். அந்த நுனியை அப்படியே வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறை கொழுந்தில் படும்படி தெளிக்க வேண்டும். இரண்டாவது, இலையை ஓரமாகக் கத்தரித்துத் தின்னும் புழு. குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மருந்து எதுவும் வேண்டாம். பெரிய மரமென்றால் விட்டுவிடுங்கள், சின்னச் செடியென்றால் கையால் எடுத்து வேறு எலுமிச்சை மரத்தில் விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சில்லிட் பற்றி இன்னொரு வார்த்தை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைச் சுமந்து பரப்புவது இந்தப் பூச்சி. நோய் கறிவேப்பிலையில் நிலைப்பதில்லை, ஆனால் பூச்சி இதில் செழிப்பாகப் பெருகும். ஃபுளோரிடாவில் 1998இல் பூச்சி தென்பட்டது, 2005இல் நோய் வந்தது. கலிபோர்னியாவில் 2008இல் பூச்சி, 2012இல் நோய். அங்கே கறிவேப்பிலைச் செடியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பதற்குக் காரணம் இதுதான். ஊரிலிருந்து பெட்டியில் ஒரு கன்றோ கட்டு இலையோ ஒளித்துக் கொண்டுபோகும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற பண்ணையில் கன்று கிடைக்கும். குளிர் நாடுகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போவதற்குள் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, ஜன்னல் ஓரம் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, உரத்தை நிறுத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை முழுதும் கொட்டினாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, வெயில் வந்ததும் துளிர்க்கும்.

சமையலுக்கு வருவோம். இந்த இலையின் மணம் தண்ணீரில் கரைவதை விட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். கொதிக்கிற குழம்பில் வெறுமனே போட்ட இலைக்கும் தாளித்துக் கொட்டிய இலைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கடுகு வெடித்து அடங்கியபின், பருப்பு சிவந்தபின், கடைசியாக இலை. தீயைக் குறைத்துவிட்டு, இலையைத் துணியில் ஈரம் போக ஒற்றி, கையால் இரண்டாகக் கிள்ளிப் போடுங்கள். சடசடவென்று பொரியும் சத்தம் சில நொடியில் மெல்லியதாகும், இலை கண்ணாடி போலப் பளபளத்துச் சுருளும். அந்த நேரம் இறக்கிவிட வேண்டும். பழுப்பாகிவிட்டால் மணம் போய்க் கசப்பு வரும். ரசம், மோர்க்குழம்பு மாதிரி மெல்லிய பண்டங்களில் தாளித்துக் கொட்டினதும் உடனே மூடிவைத்தால் ஆவியோடு போகிற மணம் உள்ளேயே நிற்கும்.

கொழுந்தைவிட, நன்றாக விரிந்து கரும்பச்சையான இலையில்தான் மணம் நிறைவாக இருக்கும். நிழலில் காயவைத்த இலையில் அந்த மணம் பெரும்பாலும் போய்விடுகிறது. பொடிக்கு ஆகும், தாளிப்புக்குச் சப்பென்று இருக்கும். அதிக இலை வந்துவிட்டால் உறைய வைப்பதே நல்லது. கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து இளக விடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள். இளகினால் கறுத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல், துணியிலோ தாளிலோ சுற்றி, டப்பாவில். பத்து நாளுக்கு மேலேயே தாங்கும்.

கடை இலையை அதிகமாகச் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொழுந்து சுருளாமல் இருக்கத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், இந்த இலையில் மருந்து எச்சம் கண்டுபிடிக்கப்பட்டதும் பலமுறை. வேறு வழியில்லை என்றால் புளித்தண்ணீரிலோ உப்புத்தண்ணீரிலோ கால் மணி நேரம் ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மேலே படிந்தது நன்றாகக் குறையும், இலைக்குள் ஊடுருவியது போகாது.

இப்போது சத்துக் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணையில் 100 கிராம் கறிவேப்பிலைக்கு 830 மில்லிகிராம் கால்சியம், 7560 மைக்ரோகிராம் கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) என்று இருக்கிறது. பெரிய எண்கள்தான். ஆனால் ஒரு இணுக்கு எவ்வளவு எடை? ஒன்றிரண்டு கிராம். அதில் கிடைக்கும் கால்சியம் 8 முதல் 16 மில்லிகிராம், அதுவும் நீங்கள் தட்டோரம் ஒதுக்காமல் மென்று விழுங்கினால். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம். அந்தக் கால்சியத்திலும் ஒரு பங்கு, இலையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்து கிடப்பதால் முழுதும் உடம்பில் சேராது. ஆகவே காலையில் மெல்லும் 10 இலையை வைத்துக்கொண்டு எலும்பு வலுவாகும் என்று சொல்ல முடியாது.

20 கிராம் இலை, அதாவது நல்ல ஒரு கைப்பிடி, துவையலாகவோ பொடியாகவோ போனால் கதை வேறு. கரோட்டின் கொழுப்பில்தான் கரைந்து உடம்பில் ஏறும் என்பதால், பொடிச் சோற்றில் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசைவது ருசிக்கு மட்டுமல்ல. துவையலில் ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் இலையில் உள்ள இரும்பும் சற்றுக் கூடுதலாக ஏறும். பொடிக்கு அளவு சொல்கிறேன்: அழுத்தாமல் அளந்த இரண்டு கப் இலைக்குக் கால் கப் உளுந்து, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஆறு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, சுண்டைக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. பருப்புகளைத் தனியாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே குறைந்த தீயில் இலையைப் போட்டுப் பிரட்டுங்கள். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பொடி பூசணம் பிடிக்கும். ஆறினபின் அரையுங்கள். ஒதுக்கிப் பழகிய பிள்ளைகள்கூட இட்லிக்கு இதைத் தொட்டுக்கொள்வார்கள். மிகச் சின்னக் குழந்தைக்கு முழு இலையைச் சோற்றோடு கொடுக்காதீர்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரை விஷயத்தில் நிதானம் வேண்டும். மஹானிம்பின் முதலான கார்பசோல் ஆல்கலாய்டுகள் என்ற இயற்கை வேதிப்பொருள்கள் இந்த இலையில் இருக்கின்றன. எலிகளில் செய்த பல ஆய்வுகளில் இலைச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. ஆனால் எலிக்குக் கொடுத்தது செறிவூட்டிய சாறு. நாம் மெல்வது பத்து இலை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. மெல்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை, பிடித்திருந்தால் மெல்லுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும்தான் ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், காப்ஸ்யூலாகவும் சாறாகவும் விற்கும் செறிவூட்டிய கறிவேப்பிலை மருந்துகளை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் எதனால் என்று தெரியாமல் போகும். பழத்தின் சதை இனிப்பாக இருக்கும், சாப்பிடலாம். கொட்டையை மட்டும் மெல்லாமல் துப்பிவிடுங்கள்.

நரை? முடிவேரில் நிறமி உண்டாக்கும் செல்கள் ஓய்ந்தபின் மேலே எந்த எண்ணெய் தடவினாலும் நிறம் திரும்பாது. கறிவேப்பிலை எண்ணெய் முடியை மிருதுவாக்கும், வறட்சியைக் குறைக்கும், அந்த மட்டில் நல்லது. இலையின் ஈரம் முழுதும் வற்றி, சலசலப்பு அடங்கும்வரை குறைந்த தீயில் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வடிகட்டுங்கள். ஈரம் நின்றால் எண்ணெய் கெட்டுவிடும். 20, 25 வயதிலேயே நரை ஓடுகிறது என்றால் எண்ணெயைத் தேடுவதற்கு முன்னால் வைட்டமின் பி12, இரும்பு, தைராய்டு மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறை அங்கே இருந்தால் அதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது.